உலைக் கதவில் ஐந்நூறு

பிப்ரவரி 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. உலையின் வெப்பநிலையைப் பார்ப்பதற்கு முன்பே கதவில் சாக்பீஸால் 500 என்று எழுதிவிட்டேன். பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இனி கவனமாக இருக்க வேண்டும்.

அன்றைய நாட்குறிப்பில் ஜெஸ்ஸி இவ்வளவுதான் எழுதினாள். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. பார்க்காமல் எழுதியது உண்மைதான். எழுதிய பிறகு பார்த்ததும், பார்த்த பிறகு அழிக்காமல் விட்டதும்தான் அதில் இல்லை.

திண்டுக்கல்லில் அந்தக் கல்லூரியின் மாலை நேர வேதியியல் வகுப்பு, பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்கானது. ஜெஸ்ஸிக்குத் தாடிக்கொம்புப் பக்கம் ஊர். பகலில் ஒரு பால் பண்ணையின் சோதனைக் கூடத்தில் வேலை. கேன் கேனாக வரும் பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எழுதுவாள். அவள் எழுதிய எண்ணை யாரும் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை. நம்பகமானவள் என்ற அந்தப் பெயர் வகுப்பிலும் ஒட்டிக்கொண்டது. தராசா, உலையா, மாலையில் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் சாவியும் ஜெஸ்ஸிக்கு. எதையும் மூன்று தடவை செய்து பார்க்காமல் நம்ப மாட்டாள். மூன்று தடவை சரியாக வந்தாலும், தான் எங்கோ தப்பு செய்கிறோமோ என்று நான்காவது தடவை செய்வாள்.

அந்த வருடம் அவர்களுக்குக் கிடைத்த ஆய்வு, வெயிலைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது. விரிவுரையாளர் சகாயராஜ் முதல் நாளே அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"பெருசா ஒண்ணும் இல்லப்பா. துரு. நம்ம வீட்டு கேட்ல பிடிக்குதே, அதே இரும்புத் துருதான். அது ஒரு குறைக்கடத்தி. அதை ஒரு கண்ணாடியில மெல்லிசாப் பூசி, தண்ணியில முக்கி வெயில்ல காட்டுனா, கொஞ்சமா வெளியிலருந்து கரண்டும் குடுத்தா, தண்ணி பிரியும். எதிர்ப்பக்கத்துக் கம்பியில குமிழ் குமிழா வருது பாரு, அது ஹைட்ரஜன். அதுதான் எரிபொருள். ஓடுற கரண்ட் எம்புட்டுக் கூடுதோ, ஹைட்ரஜன் அம்புட்டுக் கூட."

"சார், வெயிலைப் பத்திப் படிக்கிற வகுப்பை வெயில் சாஞ்சப்புறம் வச்சிருக்கீங்களே" என்றான் மணிமாறன். நூற்பாலையில் ஷிப்ட் பார்த்துவிட்டுத் தலையில் பஞ்சோடு வந்து உட்காருகிறவன். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண வீடுகளில் வீடியோக்காரர்கள் பிடிக்கும் பெரிய விளக்கு ஒன்றை வாங்கி வைத்து, அதையே வெயில் என்று வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மொட்டை மாடியில் அசல் வெயில்.

வேலை இப்படி. மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள சிறு கண்ணாடித் துண்டை ஒரு பழைய கம்ப்யூட்டர் விசிறியின் நடுவில் ஒட்டிச் சுழல விட வேண்டும். இரும்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக அதன் மேல் விட வேண்டும். காய்ந்ததும் உலையில் ஐந்நூறு டிகிரியில் சுட வேண்டும். கண்ணாடி செங்கல் நிறத்தில் வெளியே வரும்.

ஜெஸ்ஸி எட்டு மாதமாக அதைச் செய்தாள். கையுறை போட்டு, மூச்சை அடக்கி, சொட்டு எண்ணி விட்டாள். ஆனாலும் அவள் கண்ணாடியில் எப்போதும் ஓரமாக ஒரு வளையம் விழுந்தது. டீ டம்ளர் வைத்து எடுத்த இடம் போல.

மெஹராஜ் பாதி வருடத்தில் வந்து சேர்ந்தவள். பேகம்பூர்க்காரி. பகலில் மருந்துக் கடையில் நிற்பாள். வகுப்புக்குத் தாமதமாக வருவாள், வரும்போதே ஒரு கதையோடு வருவாள். பேசிக்கொண்டே கரைசலைச் சொட்டுவாள், சில நாள் மேசையெல்லாம் சிந்துவாள். ஆனால் அவள் கண்ணாடி விசிறியிலிருந்து இறங்கும்போது ஒரு வளையம் இருக்காது, ஒரு புள்ளி இருக்காது. முட்டைத் தோல் போல ஒரே சீராக இருக்கும்.

"எப்படி மெஹராஜ்?" என்று ஜெஸ்ஸி ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"என்னத்த எப்படி? விசிறி சத்தம் மாறும்ல, அப்ப விடுவேன். நீ அந்த வாட்ச்ச பாக்காத புள்ள, கண்ணாடியப் பாரு."

விசிறிச் சத்தம் மாறுவது ஜெஸ்ஸிக்குக் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு வயிற்றில் ஒரு எரிச்சல் குடியேறியது. பஸ்ஸில் போகும்போது எரிந்தது. பாலில் கருவியை விட்டு எண் வரக் காத்திருக்கும்போது எரிந்தது. மெஹராஜ் டிபன் டப்பாவைத் திறந்து, "இந்தா, அத்தா கறிவெஞ்சனம் வச்சாரு, ஒரு வாய் சாப்டு" என்று நீட்டும்போது இன்னும் அதிகமாக எரிந்தது. வாங்கிச் சாப்பிடவும் செய்தாள். ருசியாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

இது வெறும் பொருமலாகவே இருந்திருக்கும். ஜனவரியில் சகாயராஜ் வந்து ஒரு செய்தி சொன்னார். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. கோடையில் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வார்கள், ஒரே ஒருவரை. நன்றாக வேலை செய்தால் அங்கேயே மேற்படிப்புக்கு வழி உண்டு.

"பிப்ரவரி கடைசியில ஒரு பேரு அனுப்பணும். நல்ல கரண்ட் வர்ற கண்ணாடி வேணும். ஒரு தடவை வந்தாப் பத்தாது, திருப்பித் திருப்பி வரணும். யாரோடது வருதோ அவங்க பேரு."

ஜெஸ்ஸி அதுவரை எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. பால் பண்ணையில் அவளோடு வேலை பார்த்த அக்காக்கள் இருபது வருடமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஸ்டூலிலிருந்து எழுந்து போக அவளுக்குத் தெரிந்த கதவு இது ஒன்றுதான்.

உலை ஒன்றுதான் உண்டு. பகலில் இளங்கலை மாணவர்கள் அதில் மண்ணையும் நிலக்கரியையும் எண்ணூறு டிகிரியில் எரித்துச் சாம்பலாக்குவார்கள். போகும்போது ஐந்நூறுக்குக் குறைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். மாலையில் ஜெஸ்ஸி வந்து பார்த்து, கதவில் சாக்பீஸால் எண்ணை எழுதுவாள். அந்தத் திரையில் எழுத்துகள் பாதி செத்திருந்தன. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் மற்றவர்கள் திரையைப் பார்ப்பதில்லை. கதவைப் பார்ப்பார்கள். ஜெஸ்ஸி எழுதியிருந்தால் கண்ணாடியை உள்ளே வைப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் தாமதம். அவசரமாக வந்தவள் பழக்கத்தில் 500 என்று எழுதிவிட்டுத்தான் குனிந்து திரையைப் பார்த்தாள். எண்ணூறு. பகல்காரர்கள் குறைக்க மறந்து போயிருந்தார்கள். அழிக்கத் துணியை எடுத்தாள்.

அப்போது பின்னால் சகாயராஜின் குரல் கேட்டது. "ஜெஸ்ஸி, இங்க வந்து பாரும்மா. பூச்சுன்னா இது பூச்சு. இப்படி ஒண்ணு நீ போட்டுருந்தா இந்நேரம் சென்னைக்கு டிக்கெட் எடுத்துருக்கலாம்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். சொல்லிவிட்டு வகுப்பெடுக்கப் போய்விட்டார். மெஹராஜ் தட்டில் தன் கண்ணாடியோடு வந்து நின்றாள். கதவைப் பார்த்தாள்.

"ஐந்நூறு. வைக்கலாமா?"

ஜெஸ்ஸியின் கையில் துணி இருந்தது. எண்ணூறில் கண்ணாடி தாங்காது, அப்பளம் மாதிரி வளைந்து போகும். அவளுக்கு அது தெரியும்.

"வையி" என்றாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். கரண்ட் போய்விட்டது. விளக்கும் விசிறியும் ஒரே நேரத்தில் அடங்கின. வெளியே இருட்டிவிட்டிருந்தது.

"போச்சுடா" என்றாள் மெஹராஜ். "நான் எடுத்துர்றேன்."

"உள்ளயே கெடக்கட்டும். கரண்ட் வரட்டும்."

"எப்ப வருமோ, யாரு கண்டா. அரைவேக்காடா இருந்தாலும் எடுத்துப் பாப்போம்." மெஹராஜ் இடுக்கியோடு கதவைத் திறந்தாள். உள்ளே செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. "அம்மாடி! எம்புட்டு அழகா இருக்கு!" அந்தச் சிவப்பு அவள் முகமெல்லாம் அடித்தது. கண்ணாடியை எடுத்துச் செங்கல் மேல் வைத்தாள்.

ஐந்நூறில் உலை அப்படி ஒளிராது. இருட்டில் திறந்து பார்த்த அனுபவம் மெஹராஜுக்கு இல்லை. கரண்ட் வந்ததும் ஜெஸ்ஸி முதலில் செய்த காரியம், உலையை ஐந்நூறுக்குத் திருப்பி வைத்தது.

கண்ணாடி ஒரு பக்கம் லேசாக வளைந்திருந்தது. மணிமாறன் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான். "நல்லா ஊத்தப்பம் மாதிரி வந்துருக்கு. சட்னி வேணுமா மெஹராஜ்?"

மறுநாள் அதை விளக்கு முன்னால் வைத்து அளந்தபோது யாரும் சட்னியைப் பற்றிப் பேசவில்லை. ஜெஸ்ஸியின் கண்ணாடிகள் எல்லாம் 0.04 மில்லி ஆம்பியரில் நொண்டிக்கொண்டிருந்தன. மெஹராஜின் வளைந்த கண்ணாடி 0.6 காட்டியது. எதிர்க் கம்பியில் ஹைட்ரஜன் குமிழ்கள் சரசரவென்று ஏறின, சோடா பாட்டிலைத் திறந்தது போல. சகாயராஜ் குனிந்து அந்தக் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஹராஜ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு திரும்பி ஜெஸ்ஸியைக் கட்டிப்பிடித்தாள்.

கெடுக்க நினைத்தது இப்படி முடிந்துவிட்டதே என்று ஜெஸ்ஸிக்கு அழுகை வந்தது. ஒழுங்காகத் துணியால் அழித்திருந்தால், மெஹராஜின் கண்ணாடியும் மற்றவர்களுடையது போல நொண்டிக்கொண்டிருந்திருக்கும். ஜெஸ்ஸியே அவளைக் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அடுத்த கண்ணாடியில் அது வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை.

மெஹராஜ் தனக்குத் தெரிந்த காரணத்தைப் பிடித்துக்கொண்டாள். "கரண்ட் போனதுதான் சார். பாதியில எடுத்தோம்ல, அதுலதான் என்னமோ ஆகிருக்கு." அதனால் அவள் ஐந்நூறில் கண்ணாடியை வைப்பாள். கொஞ்ச நேரத்தில் ஓடிப்போய் மெயினை அணைப்பாள். வகுப்பே இருண்டு போகும். "ஏம்மா மின்சார வாரியம், இன்னைக்கு எத்தனை தடவை?" என்று மணிமாறன் இருட்டிலிருந்து கத்துவான். உலைக்குள் அன்றைய சிவப்பு இருக்காது, அணைத்த நேரம் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். கண்ணாடி வெளியே வரும், 0.04 காட்டும். பூச்சு முட்டைத் தோல் போலத்தான் இருக்கும். ஆனாலும் 0.04. நாளாக ஆக அவள் கதைகள் குறைந்தன. பேசாமல் சொட்டினாள். அப்போதும் சிந்தினாள், ஆனால் சிரிக்கவில்லை.

ஜெஸ்ஸி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க வயிற்றின் எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. தணிவதை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

நூலகத்துக் கணினியில் தேடியதில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் காரணமும் கிடைத்துவிட்டது. கண்ணாடியில் மின்சாரம் கடத்துவதற்காகப் போட்டிருக்கும் பூச்சு வெள்ளீயம் கலந்தது. எண்ணூறு டிகிரிச் சூட்டில் அந்த வெள்ளீயம் கொஞ்சம் மேலேறித் துருவுக்குள் புகுந்துகொள்ளும். புகுந்தால் துருவில் மின்சாரம் தாராளமாக ஓடும். ஆனால் கொஞ்ச நேரம்தான் வைக்க வேண்டும். அதிக நேரம் வைத்தால் கண்ணாடி குழைந்துவிடும். அன்றைக்குக் கரண்ட் போகாமல் இருந்திருந்தால் மெஹராஜின் கண்ணாடி உருகித் தொங்கியிருக்கும். எல்லாம் அவளுக்கே கூடி வருகிறது என்று ஜெஸ்ஸி நினைத்தாள்.

சனிக்கிழமை பண்ணையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வகுப்புக்கு முன்னதாகவே வந்தாள். உலையை எண்ணூறில் வைத்தாள். கதவில் எதுவும் எழுதவில்லை. தன் கண்ணாடிகள் மூன்றை ஒவ்வொன்றாகப் பத்து நிமிடம் சுட்டு எடுத்தாள். மூன்றும் லேசாக வளைந்தன. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வருமுன் மொட்டை மாடியில் அசல் வெயிலிலும், பிறகு கீழே விளக்கு முன்னாலும் அளந்தாள். மூன்றும் 0.4 காட்டின, ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல்.

முதலில் நெஞ்சு குதித்தது. பத்து மடங்கு! பிறகு அந்த எண் அவளை உட்கார வைத்தது. அதே உலை, அதே சூடு, அதே பத்து நிமிடம். மெஹராஜுக்கு 0.6, அவளுக்கு 0.4. ஓரத்தில் அந்த வளையம். மீதி இருக்கிற வித்தியாசம் முழுக்க மெஹராஜின் கைதான்.

ஆக, வாயைத் திறக்காமல் இருந்தால் சென்னை அவளுக்கு. அவளுடையது திருப்பித் திருப்பி வருகிறது. மெஹராஜுடையது ஒரு தடவை வந்து நின்றுபோனது. வாயைத் திறந்தால் மெஹராஜுக்கு. நடுவில் வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சகாயராஜ் எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். ஜெஸ்ஸியின் கைப்பையில் பஞ்சு சுற்றி அந்த மூன்று கண்ணாடிகள் இருந்தன. எண்ணூறு என்ற யோசனை எப்படி வந்தது என்று கேட்டால், கட்டுரையில் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவும் பொய் இல்லை. பஸ்ஸில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

சார் முதலில் மெஹராஜிடம் பேசினார்.

"நானும் யோசிச்சுப் பாத்துட்டேன்மா. அந்த 0.6 இருக்கே, அது தப்பு. வயர மாத்தி மாட்டிருப்ப, இல்லைன்னா மீட்டர வேற அளவுல வச்சுருப்ப. அதை அடிச்சுரு."

"நீங்களும் பாத்தீங்கல்ல சார். குமிழ் வந்துச்சே."

"குமிழ் எதுக்கு வேணா வரும்."

"நான் பொய் எழுதல சார்."

"பொய்யின்னு யாரு சொன்னா? தப்புன்னுதான் சொல்றேன். சூட்டுல எதுவும் மாத்தம் இருந்துச்சா?"

"இல்ல சார். ஐந்நூறுதான்." மெஹராஜ் பேனாவைத் திறந்தாள். "கதவுல ஜெஸ்ஸி எழுதிருந்துச்சு. அவ எழுதுனா அது எழுதுனதுதான். எங்கிட்டதான் ஏதோ தப்பு."

அவள் நோட்டில் 0.6 என்ற எண்ணின் மேல் பேனாவை வைத்தாள்.

ஜெஸ்ஸியால் தாங்க முடியாமல் போனது அந்த இடத்தில்தான். மெஹராஜ் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சரியான எண் ஒன்று அடிபடப் போகிறது. தப்பான எண் ஒன்று, தன் கையெழுத்தில், சரியென்று நிற்கப் போகிறது. கேன் பாலில் அரைப் புள்ளி மாறினாலும் திரும்பப் போய்ப் பார்க்கிறவள் அவள்.

"அது எண்ணூறு" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"அன்னிக்கு உலை எண்ணூறுல இருந்துச்சு. நான் பாக்காம ஐந்நூறுன்னு எழுதிட்டேன்."

"எப்பம்மா தெரியும் ஒனக்கு?" என்றார் சகாயராஜ்.

"அப்பவே தெரியும் சார். மெஹராஜ் கண்ணாடி வைக்கிறதுக்கு முன்னாடியே." பையைத் திறந்து மூன்று கண்ணாடிகளையும் மேசையில் வைத்தாள். "இது நான் எண்ணூறுல பத்து நிமிசம் சுட்டது. மூணும் 0.4. வெள்ளீயம் மேல ஏறுது, அதான் காரணம்."

மெஹராஜ் ஒரு கண்ணாடியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். வளைவைப் பார்த்தாள். ஓரத்து வளையத்தையும் பார்த்திருப்பாள்.

"அதான் உள்ள அம்புட்டு செவப்பா இருந்துச்சா" என்றாள் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "பாத்துட்டுத்தான் 'வையி'ன்னியா?"

"ஆமா."

"உருகிப் போகட்டும்னு?"

"ஆமா."

"நான் லூசு மாதிரி ஓடி ஓடி மெயின அமத்திக்கிட்டுக் கெடந்தேன். நீ பாத்துக்கிட்டே இருந்த. எங்க வீட்டுச் சோத்தையும் தின்னுக்கிட்டு."

மணிமாறன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மெஹராஜ் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"ஏன்டி?"

ஜெஸ்ஸி தலையைக் குனிந்தபடி சொன்னாள். "ஒனக்கு விசிறிச் சத்தம் கேக்குது. எனக்குக் கேக்கல."

அதைக் கேட்டு மெஹராஜ் சிரிக்கவும் இல்லை, மனம் இளகவும் இல்லை. கண்ணாடியை மேசையில் வைத்தாள். அப்படி எறியாமல் வைத்தது அது கண்ணாடி என்பதால்தான்.

சகாயராஜ் மெஹராஜின் நோட்டை வாங்கி அந்த 0.6ஐ மறுபடி பார்த்தார். அந்த எண்ணை அடிக்கச் சொன்னதில் அவருக்கும் பங்கு இருந்தது. கடைசியில், "திங்கக்கிழமை பேரு போகணும்" என்றார். "நாளைக்கு மெஹராஜ் மூணு கண்ணாடி போடட்டும், எண்ணூறுல. மூணும் வந்துருச்சுன்னா அவ பேரு. வரலைன்னா பாப்போம். ஜெஸ்ஸி, உலைச் சாவியைக் குடு. இனி மணிமாறன் பாத்துக்கட்டும்."

"ஐயோ சார், நானா?" என்றான் மணிமாறன். "நான் எங்க வீட்டு அடுப்பையே பத்த வச்சதில்ல."

"வேணாம் சார்" என்றாள் மெஹராஜ். "ஜெஸ்ஸியே பாக்கட்டும்."

ஜெஸ்ஸி நிமிர்ந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத" என்றாள் மெஹராஜ், அவளைப் பார்க்காமலே. "அந்தத் திரையில எனக்கு நம்பர் தெரிய மாட்டேங்குது. ஒனக்குத் தெரியும். நீ பாரு, பாத்து எழுது. நானும் பக்கத்துல நின்னு பாப்பேன். டிபனுக்கு மட்டும் எங்கிட்ட வராத."

எட்டு மணி பஸ்ஸில் ஜெஸ்ஸிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் தாண்டியதும் இருபுறமும் பூந்தோட்டங்கள் இருளில் மணத்தன. சொல்லிவிட்டால் எரிச்சல் போய்விடும் என்று எங்கோ ஓர் எதிர்பார்ப்பு அவளுக்கு இருந்திருக்க வேண்டும். போகவில்லை. முட்டைத் தோல் போன்ற அந்தப் பூச்சு கண்ணுக்குள் நின்றது. நாளைக்கு மூன்றும் வந்துவிடும், நிச்சயமாக வந்துவிடும். நாளைக்குக் கரண்ட் போய்விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. போனாலும் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மெஹராஜுக்குத் தெரியும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

வீட்டில் கைகால் கழுவிவிட்டு நாட்குறிப்பை எடுத்தாள். பதினொன்றாம் தேதிப் பக்கத்துக்குப் போய், 'சிறு' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தாள். பிறகு அன்றைய பக்கத்துக்கு வந்தாள்.

பிப்ரவரி 21, வெள்ளி. மெஹராஜின் 0.6 சரியான அளவு. உலை 800.

நாளை: ஐந்து மணிக்கு முன் போய் உலையை 800இல் வைக்க வேண்டும். திரையைப் பார்த்த பிறகே கதவில் எழுத வேண்டும். மெஹராஜின் கண்ணாடிகள் மூன்று, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். இடுக்கியைத் துடைத்து வைக்க வேண்டும். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.